‘உடைந்தது’ என்று சொல்லாதீர்கள்: முதன்முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இடப்பக்கப் பீடத்தருகே, பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவங்களைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெற, ஒரு வரிசை நிற்கும். முன்னால் முக்காடிட்ட பாட்டிகள் நாலைந்து பேர். வாரம் தவறாமல் வருகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஒருவர் நிற்பார். பார்த்தாலே தெரியும், பத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்திருக்கிறார். தன் முறைக்கு இன்னும் இரண்டு பேர்தான் என்றானதும் மெல்ல நழுவி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இது அவருக்காக எழுதுவது. போன உயிர்ப்புப் பெருவிழாவில் (ஈஸ்டர்) திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றுவிட்டு, அடுத்து என்ன என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் இருப்பவர்களுக்காகவும்.

நான் குருவானவர் இல்லை. ஞாயிறு மறைக்கல்வியில் புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயாரிக்கிறவன். வரிசையிலிருந்து நழுவிய அனுபவமும் எனக்கு உண்டு.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பெரியவர்கள் ‘பாவசங்கீர்த்தனம்’ என்பார்கள். இப்போது கோயில் அறிவிப்புப் பலகையில் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான். குறளில் ‘ஒப்புரவறிதல்’ படித்தவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே ஊருக்கு உதவி வாழ்வது, இங்கே முறிந்த உறவைச் சேர்ப்பது. இப்படியொரு வழிகாட்டி எழுதும் முதல் ஆளும் நான் இல்லை. கொல்லத்தில் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான இரண்டாவது வருடமே, 1580-இல், கொச்சியில் என்றிக்கே என்றீக்கஸ் பாதிரியார் ‘கொம்பெசியோனாயரு’ என்ற நூலை அச்சிட்டார். பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வது என்று சொல்லும் தமிழ்ப் புத்தகம் அது. அச்சு இயந்திரம் நம்மூர்ப் பக்கம் வந்ததும் தமிழில் எழுதியே ஆகவேண்டும் என்று அவர் நினைத்த மிகச் சில விஷயங்களில் இது ஒன்று!

பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்விப் பாடம்) ஐந்து காரியங்களை மனப்பாடமாக ஒப்பிப்போம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களைக் குருவிடம் சொல்வது, அபராதம் தீர்ப்பது. இந்த வரிசையிலேயே போவோம். ஆனால் ஐந்துக்கும் சம நேரம் தரப்போவதில்லை. முதலாவதிலும் கடைசியிலும்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறோம்.

முதல் படி: வாக்கியத்தைத் திருத்துவது

ஆத்தும சோதனை என்றால், கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ததிலிருந்து இன்றுவரை என்ன செய்தேன் என்று உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் அதிலிருந்து தொடங்கினால் போதும். அதற்கு முன் செய்த பாவங்களையெல்லாம் திருமுழுக்கே கழுவிவிட்டது என்பது திருச்சபையின் போதனை. அவற்றை மறுபடி தோண்டவேண்டியதில்லை. (அதற்கு முன் வாங்கிய கடன் கழுவப்படவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.)

எங்கே தேடுவது? திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு சொல்கிறோமே, அதிலேயே நான்கு கதவு இருக்கிறது: சிந்தனை, சொல், செயல், கடமையில் தவறியது. நாலாவது கதவைத் திறக்க மறந்துவிடாதீர்கள். செய்த தப்பு நினைவில் நிற்கும். செய்யாமல் விட்டது நிற்காது. மூன்று மாதமாக அம்மாவுக்குப் போன் செய்யாததை யாரும் பாவக் கணக்கில் எழுதுவதில்லை.

ஒரு தாளில் எழுதிக்கொண்டால் நல்லது. செல்போனில் வேண்டாம், வீட்டில் நாலு பேர் எடுக்கும் போன் என்றால் சொல்லவே வேண்டாம்.

எழுதிய பிறகு ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல்லைப் பாருங்கள். நம் மொழியில் தப்பித்துக்கொள்ள வசதியாக ஒரு பின்வாசல் இருக்கிறது. “கண்ணாடி உடஞ்சிருச்சு”, “கோபம் வந்துருச்சு”, “வாய் தவறி வந்துருச்சு”, “ஏதோ நடந்துபோச்சு”. இந்த வாக்கியங்களில் ஆளே இல்லை. கண்ணாடி தானாக உடைகிறது, கோபம் எங்கிருந்தோ விருந்தாளி மாதிரி வருகிறது. பள்ளிக்கூடத்தில் ‘திருந்தினான்’, ‘திருத்தினான்’ என்று தன்வினை பிறவினை படித்திருப்போம். அந்த இலக்கணம் வாழ்க்கையில் உதவுகிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ‘உடைந்தது’ என்பதை ‘உடைத்தேன்’ என்று மாற்றுங்கள். ‘அவளுக்கு மனவருத்தம் ஆயிற்று’ என்பதை ‘அவளை நான் இன்ன வார்த்தை சொல்லி அவமானப்படுத்தினேன்’ என்று எழுதுங்கள். எழுதும்போதே கை கூசும். கூசினால் சரியான வரியைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

என் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் உள்ள கெபியின் (சிறு குகைக்கோயில்) திருவிழாவுக்கு நான்தான் கணக்கு. வீட்டுக்கு வீடு வரி வசூலித்த பணம் என் அலமாரியில் இருந்தது. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். அதிலிருந்து 4,000 ரூபாய் எடுத்தேன். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சம்பளம் வந்தது, வைக்கவில்லை. கணக்கு ஒப்படைக்கும் நாளில் பந்தல் செலவில் 4,000 கூட்டி எழுதினேன். அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு நான் சொன்ன வாக்கியம் இது: “திருவிழாக் கணக்குல கொஞ்சம் குளறுபடி ஆயிடுச்சு சாமி.”

சாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “யார் செஞ்ச குளறுபடி?” என்றார்.

“நான்தான்.”

“எவ்வளவு?”

அவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை, உபதேசம் இல்லை. அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது.

வேதாகமத்தில் இந்த வழுக்கல் மூன்றாம் அதிகாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. பழத்தைத் தின்றாயா என்று கடவுள் கேட்கிறார். ஆதாம் சொல்லும் பதிலைக் கவனியுங்கள்: நீர் எனக்குத் துணையாகத் தந்த பெண்தான் கொடுத்தாள். ஒரே வாக்கியத்தில் மனைவி மீதும் பழி, கடவுள் மீதும் பழி. ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். தாவீது வேறு மாதிரி. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அந்தக் கணவனைப் போர்முனையில் சாகவிட்ட அரசன் அவர். நாத்தான் இறைவாக்கினர் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்து, அவன் சாகவேண்டியவன் என்கிறார். அந்த ஆள் நீதான் என்கிறார் நாத்தான். அடுத்து தாவீது எந்தக் காரணமும் சொல்லவில்லை, ஆண்டவருக்கு எதிராக நான் பாவம் செய்துவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 51-ஆம் திருப்பாடல் அந்தச் சமயத்தில் அவர் பாடியதாக மரபு. போவதற்கு முந்தின இரவு அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அதில் ‘என்’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியபடியே படிக்கலாம்.

இரண்டும் மூன்றும்: மனஸ்தாபமும் பிரதிக்கினையும்

மனஸ்தாபம் என்றதும் அழுகை வரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுகை வராவிட்டால் தன் மனஸ்தாபம் பொய் என்று பயப்படுகிறார்கள். கண்ணீர் சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு வராது. அது உடம்புவாகு. செய்தது தப்பு, செய்திருக்கக் கூடாது, கடவுளையும் ஆளையும் நோகடித்தேன் என்று மனது ஒத்துக்கொண்டால் மனஸ்தாபம் வந்துவிட்டது. கடவுள் மேலுள்ள அன்பினால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்து வருந்தினாலும், அது உண்மையாக இருந்தால், பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற அதுவே போதும் என்கிறது திருச்சபை. 1551-இல் திரெந்து சங்கம் என்ற திருச்சபைப் பொதுச்சங்கம் தெளிவாகச் சொன்ன விஷயம் இது.

குற்றவுணர்ச்சி வேறு, மனஸ்தாபம் வேறு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசை நினைத்துப் பாருங்கள். மத்தேயு எழுதியபடி அவன் வருந்தினான், தலைமைக் குருக்களிடம் போய் நான் பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். பட்டியல் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே செய்திருக்கிறான். ஆனால் மன்னிக்கக் கூடியவரிடம் போகவில்லை, “எங்களுக்கென்ன?” என்று கைவிரித்தவர்களிடம் போனான். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவும் அழுதார். ஆனால் ஓடிப்போகாமல் மற்றச் சீடரோடேயே இருந்தார். யோவான் நற்செய்தியில் பேதுரு மறுதலித்தது ஒரு கரிநெருப்பருகே. உயிர்த்த இயேசு கடற்கரையில் அவரிடம், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டதும் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்ட இடத்தில். அந்தப் புகை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்!

பிரதிக்கினையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. “இனிமே சத்தியமா செய்யமாட்டேன்” என்பது பிரதிக்கினை ஆகாது. அதை எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிறோம். குடிக்கிறவர் வேலை முடிந்து திரும்பும் தெருவை மாற்றுவது, சூதாடுகிறவர் செல்போனிலிருந்து அந்த ஆப்பை எடுப்பது, என்னைப் போன்றவர் பொதுப்பணத்தை வீட்டில் வைக்காமல் வங்கியில் போடுவது, இதெல்லாம் பிரதிக்கினை. திரும்பவும் விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கலாம், தப்பில்லை.

நாலாவது: போய்ச் சொல்வது

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் இதுதான் சுலபம். ஐந்து நிமிடம் ஆகாது.

சில கோயில்களில் மரக்கூண்டும் கம்பிவலையும் இன்னும் உண்டு. பல இடங்களில் ஒரு நாற்காலி, பக்கத்தில் முழங்காலிட ஒரு பலகை, அவ்வளவுதான். முகம் தெரிய வேண்டாம் என்றால் வலையுள்ள பக்கம் போகலாம். தெரிந்த சாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக் கோயிலுக்குப் போங்கள், குற்றமில்லை. வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களில் பல மொழிகளில் கேட்பார்கள். ஞாயிறு திருப்பலிக்கு ஐந்து நிமிடம் முன் போய் நிற்காதீர்கள், அவர் அவசரத்தில் இருப்பார். சனிக்கிழமை மாலை நல்லது. புனித வாரத்தில் வரிசை நீளம். வருடத்துக்கு ஒரு முறையாவது என்ற கட்டளை 1215-ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கத்திலிருந்து வருகிறது. நம் ஆட்கள் அந்த ஒரு முறையை அந்த ஒரு வாரத்துக்கே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

முழங்காலிட்டு சிலுவை அடையாளம் போடுங்கள். “சாமி, என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவம் செய்திருக்கிறேன். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை மாதம் ஆகிறது” என்று தொடங்குங்கள். முதன்முறை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அவரே கைப்பிடித்து நடத்துவார். பிறகு பெரிய பாவத்தை முதலில் சொல்லுங்கள். சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டே போய் நடுவில் அதைச் செருகிவிடும் சாமர்த்தியம் வேண்டாம். அவர் தினமும் கேட்கிறவர். கனமான பாவம் என்றால் என்ன பாவம், ஏறக்குறைய எத்தனை முறை என்பதைச் சொல்லவேண்டும். கதை வேண்டாம். அடுத்தவர் பெயர் வேண்டவே வேண்டாம். மருமகள் தன் பாவத்தைச் சொல்லப் போய் மாமியார் பாவத்தைச் சொல்லிவிட்டு வருவது நம்மிடையே பழைய வழக்கம்.

மறந்துபோனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதுவும் மன்னிக்கப்பட்டதில் சேர்ந்துவிடும், அடுத்த முறை ஞாபகம் வந்தால் சொன்னால் போதும். கனமான பாவத்தைத் தெரிந்தே மறைத்தால் மட்டும் பாவசங்கீர்த்தனமே செல்லாது.

சொன்னது வெளியே போகுமா? போகாது. திருச்சபைச் சட்டம் 983-இன்படி குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் அதை வெளியே சொல்லக்கூடாது. நேரடியாக மீறினால் அந்த நொடியே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிவிடுகிறார். கூச்சம் இன்னும் போகவில்லையா? 2014 மார்ச் 28 அன்று ரோமில் புனித பேதுரு பேராலயத்தில், பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த திருத்தந்தை பிரான்சிஸ், தன் இடத்துக்குப் போவதற்கு முன், எல்லோரும் பார்க்க ஒரு சாதாரணக் குருவின் முன் முழங்காலிட்டுத் தன் பாவங்களைச் சொன்னார். அவரே வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மனத்துயர் செபம் சொல்லச் சொல்வார். தெரியாவிட்டால் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். பிறகு உங்கள் தலைக்கு மேல் கை நீட்டி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் பாவமன்னிப்பு வழங்குவார். ஆமென் என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சிலருக்கு மனது பஞ்சுபோல ஆகும். எனக்குப் பெரும்பாலும் பசிக்கும்.

ஐந்தாவது: கடன் தீர்ப்பது

அபராதமாகச் சாமியார் பெரும்பாலும் இரண்டு மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொல்வார். அதை அன்றே, கோயிலிலேயே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் மறந்துபோகும். அதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

திருடியது இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழி சுமத்தியிருந்தால், யாரிடம் சுமத்தினோமோ அவர்களிடம் போய் அது பொய் என்று சொல்ல வேண்டும். பாவம் மன்னிக்கப்பட்டதால் பணம் நம்முடையதாகிவிடாது. எண்ணிக்கை நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் கணக்கே இருக்கிறது: பாவத்தை அறிக்கையிடு, எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடு, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடு. வரிவசூல் செய்த சக்கேயு இதையும் தாண்டிப் போனான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு என்றான். அப்படிச் செய் என்று இயேசு அவனிடம் கேட்கவில்லை. உன் வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும்தான் சொன்னார். உரியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, இறந்துவிட்டார் என்றால் வாரிசுக்கு, அவரும் இல்லை என்றால் ஏழைகளுக்கு. நேரில் கொடுத்தால் வேலை போகும், குடும்பம் சிதறும் என்ற நிலை இருந்தால் சாமியாரிடமே வழி கேளுங்கள். பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கவும் வழியுண்டு.

பணத்தை விடக் கஷ்டம் மன்னிப்புக் கேட்பது. நம் வீடுகளில் அதற்குப் பழக்கமே இல்லை. அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதிகபட்சம், சண்டை போட்ட மறுநாள், “சாப்ட்டியா?” என்று கேட்பார். அதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் மன்னிப்பு இல்லை. “தப்பா எடுத்துக்காதீங்க” என்பதும் அதே ரகம், தப்பாக எடுத்துக்கொண்டது உங்கள் தப்பு என்று அர்த்தம். “ஏதாவது மனசு நோகும்படி பேசியிருந்தா மன்னிச்சிருங்க” என்பதிலும் அந்த ‘இருந்தா’ எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. முதல் படியில் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போங்கள். “அக்கா, அன்னைக்குப் பந்தியில உங்க பொண்ணப் பத்தி நான் சொன்னது பொய். நான் வேணும்னே சொன்னேன். மன்னிச்சிருங்க.” அதன் பின் ‘ஆனா’ என்று ஆரம்பிக்க நாக்கு துடிக்கும். கடித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் மன்னிக்காமல் போகலாம். கதவைச் சாத்தலாம். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரரோடு சமாதானம் செய்துகொள் என்றார் இயேசு. போவது நம் பொறுப்பு, வரவேற்பது அவர்கள் விருப்பம். கடவுளே மன்னித்துவிட்டார், உனக்கென்ன என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அதைவிடக் கொடுமை இல்லை.

1995-இல் மத்தியப் பிரதேசத்தில் ராணி மரியா என்ற அருள்சகோதரியை ஓடும் பேருந்தில் குத்திக் கொன்றார் ஒருவர். ஆயுள் தண்டனை. சில வருடங்கள் கழித்து, கொலையுண்டவரின் உடன்பிறந்த தங்கை, அவரும் அருள்சகோதரி, சிறைக்குப் போய் அந்தக் கையில் ராக்கி கட்டினார். குடும்பமே அவர் விடுதலைக்கு மனுக் கொடுத்தது. 2006-இல் வெளியே வந்தார். 2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) கொடுக்கப்பட்டது. அந்த மன்னிப்பு கைதியின் வக்கீல் கேட்டு வாங்கியது அல்ல, ஆள் சிறையில் வருடக்கணக்காக இருந்ததும் இல்லாமல் போகவில்லை. காவல்துறைக்குப் போகவேண்டிய குற்றத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. உங்களுக்கு யாரோ செய்த கொடுமையை உங்கள் பாவமாகச் சுமந்துகொண்டு வராதீர்கள். அடிக்கிற கணவனை மன்னிப்பது வேறு, அடிவாங்க அதே வீட்டுக்குத் திரும்புவது வேறு. சிறுவயதில் உங்களிடம் தவறாக நடந்தவர் பாவத்துக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அதைச் சொல்லி ஆறுதல் தேடலாம், உதவி கேட்கலாம். பட்டியலில் எழுத வேண்டாம்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபை நண்பர்கள் இதைப் படித்தால், நாலாவது படி உங்களுக்குக் கொஞ்சம் மாறும். ஆராதனையில் சபையாகச் சேர்ந்து பாவ அறிக்கை செய்கிறீர்கள், பாரம் தாங்காதபோது போதகரிடம் தனியே பேசலாம். பெந்தெகொஸ்தே சபைகளில் நேரே ஆண்டவரிடம். மற்ற நான்கு படியும் எல்லோருக்கும் பொது. இன்னும் திருமுழுக்குப் பெறாதவர்கள் அருட்சாதனம் பெற முடியாது, ஆனால் சாமியாரிடம் போய் மனம்விட்டுப் பேசத் தடையில்லை.

என் 4,000 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். “வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துருங்க” என்றார் சாமியார். ஐந்தில் ஒரு பங்கு 800. மொத்தம் 4,800 ரூபாயைக் கவரில் போட்டு, கெபிக் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். “மாமா, பந்தல் செலவுல நான் 4,000 பொய்க்கணக்கு எழுதினேன். எடுத்தது நான்.” அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். நோட்டுகளை எச்சில் தொட்டு ஒருமுறை எண்ணினார், இன்னொரு முறையும் எண்ணினார். “எண்ணூறு அதிகமா இருக்கே” என்றார். காரணத்தைச் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரவுப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். அத்தை காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் கணக்கு வேறொருவர் கைக்குப் போனது. நான் வாழைமரம் கட்டப் போனேன்.